மாதாவுக்குப் போன சீனக்கோசு

அரியலூர் ஸ்டேஷனில் நான் இறங்கியதற்குக் காரணம் எதுவும் கிடையாது. டிக்கெட் இல்லாமல் ஏறியிருந்தேன். பரிசோதகர் அந்த ஊரில் இறக்கிவிட்டார். யுத்தம் இன்னும் முடியாத காலம். ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு நடந்தே திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன். திரும்பிப் போக எனக்கு வீடு என்று ஒன்று மிச்சம் இல்லாததால் கல்கத்தா, விசாகப்பட்டினம், சென்னை என்று கிடைத்த இடத்தில் கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கு ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அப்போது அதெல்லாம் பெரிய விஷயமாகத் தோன்றியதில்லை.

பிளாட்பாரத்தில் ஈரமான ஒரு கோணி மூட்டையைச் சுற்றிச் சின்னக் கூட்டம் நின்றது. மூட்டையிலிருந்து மரத்தூள் கலந்த தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. திருச்சியிலிருந்து வந்த ஐஸ் கட்டி. கண்ணாடி போட்ட மெலிந்த ஒருவர் குடையை விரித்து அதற்கு நிழல் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நின்றிருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"கொஞ்சம் ஒடைச்சுக் குடுங்க சார். புள்ள காய்ச்சல்ல கெடக்கு" என்று ஒரு பெண் கேட்டாள்.

"யாரு வூட்டுக் கலியாணம் சார்? சர்பத்துக்கா?" என்றான் போர்ட்டர்.

"விதைக்குப்பா. விதையைக் குளிர வைக்கணும்."

போர்ட்டர் கூட்டத்தைப் பார்த்தான். "நல்ல வேளை, விதைக்குக் கம்பளி கேக்காம வுட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒரு மூலையை உடைத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, மூட்டையை வண்டியில் ஏற்ற ஆள் தேடினார். நான் போய்த் தூக்கினேன். மறுபக்கத்தை அவரே பிடித்தார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். ரங்கூன் என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவர் முகம் மாறிவிட்டது. "ரங்கூன்ல சீனாக்காரங்க கோசு போடுவாங்களே, நீளமா, இலை சுருட்டிக்கிட்டு? பார்த்திருக்கியா?"

"சாப்பாட்டுக் கடையில வேலை பார்த்தேன் சார். அதைக் கழுவி நறுக்கியிருக்கேன். தோட்டத்துல பார்த்ததில்ல."

"நறுக்கியிருக்கியா? அது போதும். வண்டியில ஏறு."

எதற்குப் போதும் என்று எனக்கு விளங்கவில்லை. ஏறிக்கொண்டேன்.

தோட்டம் கொள்ளிடக் கரைப் பக்கம் இருந்தது. ஏலாக்குறிச்சிக்குப் போகிற வழியில் ஒரு கிறிஸ்தவ ஊரை ஒட்டிய நிலம். சர்க்கார் குத்தகைக்கு எடுத்திருந்தது. ஒரு கிணறு, கருவிக் கொட்டகை, விவசாய இலாகாக்காரரான அந்த சார் தங்கும் ஓர் அறை, மற்றதெல்லாம் பாத்திகள். கொட்டகையில் நான் படுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. இரண்டு வேளை கம்பங்கூழோ சோறோ கிடைத்தது. ரங்கூனை விட்ட பிறகு இரண்டு வருஷத்தில் தினமும் ஒரே இடத்தில் படுத்து எழுந்தது அங்கேதான்.

அங்கே நடந்தது என்னவென்று எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். பட்டாளத்துக்கு நிறையக் காய்கறி வேண்டியிருந்தது. சாதாரண முட்டைக்கோசுக்கு மலைக் குளிர் வேண்டும். சீனக்கோசு சீக்கிரம் வளரும், சமவெளியிலும் பனிக்காலத்தில் ஒருமாதிரி வரும். ஆனால் அதன் விதை கப்பலில் வந்துகொண்டிருந்தது. யுத்தத்தில் கப்பல் நின்றுபோய்விட்டது. சாரிடம் இருந்தது ஒரு தகர டப்பாவில் கொஞ்சம் விதை மட்டுமே. அதை வைத்து, எங்கள் வெயிலிலும் இலை மூடித் தலை கட்டுகிற ஒரு செடியைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் செடியிலிருந்து விதை எடுக்க வேண்டும். ஆடி மாதம் திருச்சியிலிருந்து பெரிய அதிகாரி பார்க்க வருவார். அதற்குள் அந்த விதை சாரின் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்தை மூடிவிட்டுக் குத்தகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சார் எங்கேயாவது ஓர் ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதப் போக வேண்டியதுதான். இதை அவர் தினமும் யாரிடமாவது சொல்வார். யாரும் இல்லாவிட்டால் மாட்டிடம் சொல்வார்.

வேலைக்கு வந்த பெண்களை ஊரிலிருந்து கூட்டிவருவது ஒரு விதவை. நாற்பதைத் தாண்டியவள், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டோம். கிணற்றில் மாடு பூட்டி, தோல் சாலில் தண்ணீர் இறைத்த மாட்டுக்காரர் அவளுக்குச் சித்தப்பா முறை. வாய் ஓயாதவர். முதல் நாளிலிருந்தே எனக்கு ரங்கூன் என்று பேர் வைத்துவிட்டார்.

குழப்பம் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. ஒரு பாத்தியில் நடுத்தண்டு நீண்டு மஞ்சளாகப் பூத்த செடியைக் கண்டால் சார் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கி எறிவார். அடுத்த பாத்தியில், ஐஸில் வைத்து முளைக்கவிட்ட விதையிலிருந்து வந்த செடி பூக்கவில்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார். இரண்டும் ஒரே செடி, ஒரே டப்பா விதை. களை பிடுங்கும் பெண்கள் எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று தெரியாமல் வரப்பில் நின்றுகொண்டே இருப்பார்கள்.

"சார், பூக்கணுமா, பூக்கக் கூடாதா? ஒண்ணு சொல்லுங்க" என்று அக்கா கேட்டேவிட்டாள்.

சார் பொறுமையாகச் சொன்னார். "சீக்கிரம் பூக்குறது தலை கட்டாதும்மா. தலை கட்டுறது லேசுல பூக்காது. பூக்கலேன்னா விதை ஏது? எனக்கு வேண்டியது, முதல்ல தலை கட்டணும். கட்டி முடிச்ச அப்புறம் பூக்கணும். குளிர் பட்டாத்தான் அதுக்குப் பூக்கத் தோணும். அதுக்குத்தான் ஐஸு."

மாட்டுக்காரர் கிணற்று மேட்டிலிருந்தே குரல் கொடுத்தார். "மாப்புள சீமையில சம்பாரிக்கணும், ராத்திரி வூட்டுலயும் இருக்கணும்ங்கிற கதைதானே சார்?"

"அதேதான்" என்றார் சார். அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

சந்தேகம் வரும்போதெல்லாம் அவர் என் பக்கம் திரும்புவார். "ரங்கூன்ல வேர் எப்படி இருக்கும்?" "தெரியாது சார். வேரை வெட்டிட்டுத்தான் கடைக்கு வரும்." இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் யோசிப்பார். அதில் யோசிக்க என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாது என்று நான் எத்தனை முறை சொன்னாலும், அவர் அதற்கும் ஏதோ அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டார். பிடுங்கி எறிந்த செடிகளைப் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு போய்ப் பருப்புப் போட்டுக் கடைந்தார்கள். லேசான கடுகுக் காரம் இருக்கும். எனக்கும் ஒரு சட்டி வரும். அந்த வகையில் ஆராய்ச்சி தோற்ற நாட்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

பனிக்காலத்தில் வந்ததை சார் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வெயிலில் வர வேண்டும் என்று மாசியில் விதைத்து நாற்றை எடுத்து நட்டோம். பங்குனி பிறந்ததும் செடிகள் அடியிலிருந்து அழுகத் தொடங்கின. காலையில் நன்றாக நின்ற செடி மாலையில் தொட்டால் கையோடு வழுக்கிக்கொண்டு வரும். அந்த நாற்றத்தைச் சொல்ல முடியாது. அழுகாதவை இலையை விரித்துக்கொண்டு சும்மா நின்றன. நான் அழுகியதைக் கூடையில் அள்ளித் தூரத்தில் புதைத்தேன். புதைக்கப் புதைக்க பாத்தி காலியாகிக்கொண்டே வந்தது. ஒன்றே ஒன்று மட்டும், வாய்க்கால் தலைப்பில் நின்ற ஒரு செடி, உள் இலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மடிக்கத் தொடங்கியது.

சார் அதன் பக்கத்திலேயே குடியேறிவிட்டார். பகலில் தன் குடையை அதற்கு நட்டு வைப்பார். பிறகு, நிழலில் கட்டினால் வெயிலில் கட்டியதாக ஆகாதே என்று குடையை எடுத்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து, செத்துப்போனால் என்ன செய்வது என்று மறுபடியும் நடுவார்.

ஒரு மத்தியானம் அக்கா கூழ்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "சாப்புடுங்க சார். நீங்க பாக்குறதுனால அது மூடிக்கவா போவுது?"

"நீயாவது உங்க மாதாகிட்ட வேண்டிக்கோயேன்மா. இது ஒண்ணு கட்டிட்டாப் போதும்."

"சும்மா எப்புடி வேண்டிக்கறது? கட்டினா மாதாவுக்கு என்ன குடுப்பீங்க, அதைச் சொல்லுங்க."

சார் கையை வீசினார். "கட்டுறது எதுவோ அது மாதாவுக்குத்தான். போ."

"சொல்லிட்டீங்க?"

"சொல்லிட்டேன், சொல்லிட்டேன்."

அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டாள். நான் பக்கத்தில் நின்று கூழ் குடித்துக்கொண்டிருந்தேன். மாட்டுக்காரரும் இருந்தார். அது நேர்ச்சை என்று அக்கா நினைத்தாள், பேச்சு என்று சார் நினைத்தார். நான் எதுவும் நினைக்கவில்லை.

சித்திரையில் ஒரு நாள் சார் அந்தக் கோசை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்து கத்தினார். "கட்டிடுச்சு! எல்லாரும் வாங்க, கட்டிடுச்சு!" உள்ளே கெட்டியாக இருந்ததாம். பெண்கள் எல்லாரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை சார் என்னிடம் விளக்கினார். தலையின் உச்சியில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட வேண்டும். அந்த வழியாகப் பூத்தண்டு வெளியே வரும். பூக்கும்போது வேறு பூவின் தூள் படாமல் மல் துணியால் மூடி வைக்க வேண்டும். துணிக்கு அப்போது கட்டுப்பாடு. லப்பைக்குடிக்காட்டில் ஒரு ஜவுளிக்காரரைத் தெரியும் என்று சொல்லி என்னை அங்கே அனுப்பினார். சார் திருச்சிக்குப் போய் அதிகாரியிடம் நேரில் சேதி சொல்லக் கிளம்பினார்.

நான் அரியலூர் போய், பெட்ரோல் கிடைக்காததால் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் பெரம்பலூர் போனேன். மேட்டில் பஸ்ஸை நாங்களே தள்ளினோம். அங்கிருந்து நடந்து லப்பைக்குடிக்காடு சேர்ந்தேன். ஜவுளிக்கார பாய் துணியை அளந்துகொண்டே, "யாரு மவுத்தாப் போனாக? மவுத்துக்குச் சுத்துற மல்லு உங்காளுகளுக்கு எதுக்கு?" என்றார்.

"கோசுக்கு பாய். பூச்சி போகாம மூடி வைக்கணும்."

கத்தரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அல்லாவே! மனுசனுக்கே துணி இல்லாத காலத்துல." ஆனாலும் கொஞ்சம் கூடவே வெட்டிக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது தோட்டத்தில் யாரும் இல்லை. கிணற்றில் மாடு பூட்டியிருக்கவில்லை. வாய்க்கால் தலைப்புக்குப் போனேன். கோசு இருந்த இடத்தில் அடி இலைகள் நான்கைந்தும், நடுவில் வெள்ளையாக ஒரு வெட்டும் இருந்தன. வெட்டு சுத்தமாக இருந்தது. அரிவாளைத் தீட்டி வெட்டியிருக்கிறார்கள். துணியைத் தோளில் போட்டபடி நின்றேன். ஊர்ப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது.

கோவில் திருவிழா. அந்த ஊரில் மாதா கோவிலைக் கோவில் என்றுதான் சொல்வார்கள். திருவிழாவில் நிலத்தின் முதல் காயை, முதல் தாரை, முதல் குஞ்சைக் கொண்டுவந்து மாதாவின் முன் வைப்பார்கள். பிறகு கோவில் வாசலில் ஏலம் விடுவார்கள். நான் போனபோது ஒரு வாழைத்தார் ஏலம் போய்க்கொண்டிருந்தது. அடுத்து ஒரு சேவல், அதன் பிறகு ஒரு பூசணி. அதற்கடுத்து கோவில் உபதேசியார் ஒரு தாம்பாளத்தைத் தலைக்கு மேல் தூக்கினார். தாம்பாளத்தில் கழுவித் துடைத்து, மல்லிகைச் சரம் சுற்றிய சீனக்கோசு. அக்கா புதுச் சேலையில் முன்வரிசையில் நின்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சீனா தேசத்துக் கோசு! சர்க்கார் தோட்டத்து மொதக் கோசு!" என்று உபதேசியார் கூவினார். "வெயில்ல கட்டின கோசு! கேளுங்க!"

"இத எப்புடித் திங்கிறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"உங்க வூட்டு மாட்டுக்குப் போட்டுப் பாரு, அது சொல்லும்" என்றார் மாட்டுக்காரர். கூட்டம் சிரித்தது. பங்குச் சாமியாரும் சிரித்தார்.

அப்போது சார் வந்தார். திருச்சியிலிருந்து நேராகத் தோட்டத்துக்கு வந்து, வெட்டைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. தாம்பாளத்தைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கையைத் தூக்கி ஏலம் கேட்டார்.

சர்க்கார் ஆளே கேட்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்த ஒரு பண்ணைக்காரர் மேலே கேட்டார். சார் அதற்கு மேலே போனார். அவர் இன்னும் மேலே போனார். பூசணி போன விலைக்கு எங்கேயோ மேலே போனது. வேரில்லாத கோசை வாங்கி இவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. தன் செடி வேறு யாருடைய கைக்கும் போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கடைசியில் அவருக்கே விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். சாமியார் அவர் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார்.

கூட்டத்தை விட்டு வெளியே வந்ததும், "ஏம்மா வெட்டினே?" என்று கேட்டார்.

அக்காவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "சார் சொன்னதுதானுங்களே? கட்டுறது மாதாவுக்குன்னீங்க. கட்டிடுச்சுன்னு கத்துனதும் நீங்கதான். திருநாளும் வந்துடுச்சு. குடுக்காம வெச்சிருந்தா அது என்னாகுறது, நம்ம என்னாகுறது?"

சார் கோசைத் திருப்பி அடி வெட்டைப் பார்த்தார்.

"விதைக்குத்தானேம்மா வெச்சிருந்தேன்" என்றார்.

"விதைக்குன்னு நீங்க சொல்லலீங்களே. கட்டணும் கட்டணும்னுதான் சொன்னீங்க."

அவர் விதையைப் பற்றி ஆயிரம் முறை சொல்லியிருந்தார். ஆனால் நேர்ந்துகொண்டபோது சொல்லவில்லை. அது உண்மைதான். இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் அன்று முழுக்க யோசித்தேன். அக்கா பேசும்போது அக்கா பக்கம் இருந்தது. சாரின் முகத்தைப் பார்த்தால் சார் பக்கம் இருந்தது.

சார் எங்களோடு தோட்டத்துக்கு வந்து கோசைக் கொட்டகைக் கட்டிலில் வைத்தார். அரிவாளால் நடுவில் பிளந்தார். வெளி இலைகள் பால் போல இருந்தன. உள்ளே, குருத்து இருக்க வேண்டிய இடம் பழுப்பாகக் குழைந்திருந்தது. அந்த அழுகல் நாற்றம் எனக்கு உடனே தெரிந்தது. பங்குனி முழுக்கக் கூடையில் சுமந்த நாற்றம்.

"பாத்தீங்களா" என்றாள் அக்கா. அவள் குரல் மெதுவாக இருந்தது. "உள்ள கெட்டுப்போயிருக்கு. வெட்டாம வுட்டிருந்தா வேரோட போயிருக்கும். அதான் மாதா சீக்கிரம் கேட்டுட்டா."

"வெட்டி ஒரு நாள் முழுக்க வெயில்ல, பூ சுத்தி வெச்சா எதுதான் கெடாது?" என்றார் சார். பிறகு இன்னும் குனிந்து பார்த்தார். "இல்ல, ஒரு நாள்ல இவ்வளவு ஆகாது." பிறகு, "ஆகலாம்" என்றார். என்னைப் பார்த்தார். "ரங்கூன்ல இப்படி உள்ளே அழுகி இருக்குமா?"

"இருக்கும் சார். அந்த இடத்தை வெட்டிப் போட்டுட்டு மிச்சத்தை நறுக்குவோம்."

அந்தப் பதில் அவருக்கு எந்த உபயோகமும் இல்லை. இருந்தாலும் தலையாட்டினார்.

மறுநாள் முதல் அவர் பாத்திப் பக்கமே வரவில்லை. அடிக்கட்டைக்குத் தண்ணீர் விட யாரும் சொல்லவில்லை. அது வாய்க்கால் தலைப்பில் இருந்ததால் மற்ற பாத்திக்குப் போகிற தண்ணீர் அதன் மேல் ஓடித்தான் போயிற்று. கொஞ்ச நாள் கழித்து, வெட்டுக்குக் கீழே இலைக்கணுவில் சின்னச் சின்னத் துளிராக வந்திருந்ததை மாட்டுக்காரர்தான் பார்த்தார்.

"சார், உங்க கோசு முண்டத்துக்குக் கை மொளைக்குது, வந்து பாருங்க!"

சார் செருப்பைக்கூடப் போடாமல் வந்தார். துளிர்கள் நீண்டன. எல்லாம் பூத்தண்டு. தலை கட்டின செடி லேசில் பூக்காது என்று அவர் சொல்லியிருந்தார். இது தலை போன பிறகு கொத்துக் கொத்தாகப் பூத்தது. அவருக்குச் சந்தோஷப்பட வேண்டுமா என்றே தெரியவில்லை. அவசரமாக மல் துணியை எடுத்து மூடிக் கட்டினார். கீழே ஒரு கிளை மட்டும் மண்ணோடு படிந்திருந்ததால் துணிக்குள் வரவில்லை. உடைந்துவிடும் என்று அதை அப்படியே விட்டுவிட்டார்.

துணிக்குள் இருந்த பூவெல்லாம் காய்ந்து உதிர்ந்தது. காய்கள் ஊசி போல மெலிந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் நின்றன. வெளியே கிடந்த அந்த ஒற்றைக் கிளையில் மட்டும் காய்கள் தடித்தன. சார் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்து, வரப்பில் உட்கார்ந்து சொன்னார். "இந்தச் செடிக்குத் தன் பூந்தூள் தனக்கே ஒட்டாதாம். வேற செடியிலேருந்து வந்தாத்தான் பிடிக்குமாம்."

"பங்காளிக்குள்ள சம்பந்தம் பண்ணாதுன்னு சொல்லுங்க" என்றார் மாட்டுக்காரர். "நம்ம சாதி சனம் மாதிரிதான்."

"அப்போ வெளியில இருந்த கிளைக்கு மாப்பிள்ளை எங்கேருந்து வந்தான்?" என்று சார் தன்னையே கேட்டுக்கொண்டார். அவர் பார்வை ஐஸ் பாத்திக்குப் போனது. அங்கே கடைசியாக விதைத்த செடிகள் அப்போதும் பூத்து நின்றன. தலை கட்டாத, சீக்கிரம் பூக்கிற, அவர் பிடுங்கிப்போட நினைத்து மறந்த செடிகள். தேனீ அங்கிருந்து இங்கே வருவதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அவர் துணி கட்டியது அந்தத் தேனீ வராமலிருக்க. விதை வந்ததும் அந்தத் தேனீயால். அதன் பிறகு துணியைப் பற்றி அவர் பேசவே இல்லை. அவிழ்த்து அக்காவிடம் கொடுத்துவிட்டார். அவள் அதைக் கோவில் பீடத்துக்கு விரிப்பாகத் தைத்துக் கொடுத்தாள்.

ஆடிக் காற்றில் அதிகாரி வந்தார். காரிலிருந்து இறங்கியதும், "தலை கட்டின செடி எங்கே?" என்றார்.

சார் அடிக்கட்டையைக் காட்டினார். தலை கட்டியதற்கு அங்கே எந்த அடையாளமும் இல்லை. காய்ந்த ஒரு கிளையும், அதில் கொஞ்சம் காயும்தான்.

"வெயிலிலா கட்டியது? யார் பார்த்தார்கள்?"

"ஊரே பாத்துச்சுங்க சாமி" என்று அக்கா முன்னால் வந்தாள். "மாதாவுக்கே குடுத்தோம். நான்தான் வெட்டி..."

"நான்தான் வெட்டச் சொன்னேன்" என்று சார் குறுக்கே சொன்னார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஆமாம், நீங்கள்தானே சொன்னீர்கள் என்பது போலத்தான் இருந்தது அவள் பார்வை. அவர் தன்னைக் காப்பாற்றுகிறார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அதிகாரி குனிந்து வெட்டைத் தடவிப் பார்த்தார்.

"சபாஷ்" என்றார். "இதுதான் சரியான முறை. மழையும் வெயிலும் உள்ள இடத்தில் தலையை வெட்டிவிட்டு அடிக்கட்டையில்தான் விதை எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் உள்ளேயே அழுகிப் போகும். சீமையிலிருந்து வந்த ஒரு புத்தகத்தில் படித்தேன். நீங்கள் எங்கே படித்தீர்கள்?"

சார் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்கேதான் சார்" என்றார்.

அதிகாரி அந்தக் கிளையை அப்படியே வெட்டிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டார். எல்லா விதையும் மலையிலுள்ள பெரிய தோட்டத்துக்குப் போகும், இனி வேலை அங்கேதான் நடக்கும் என்றார். விதைக்கு அப்பன் எது என்று தெரியாது என்பதை சார் சொல்லத்தான் செய்தார். "அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று பதில் வந்தது. இந்தத் தோட்டத்தின் காரியம் முடிந்துவிட்டது, குத்தகையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். சாரின் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

கார் போன பிறகும் நாங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம். "வெத வந்துட்டா தோட்டம் இருக்கும்னுதானே சார் சொன்னீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"அப்படித்தான்மா நானும் நினைச்சேன்."

அந்த விதை மலையில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பிற்காலத்தில் வேறு வேறு ஊர்ச் சந்தைகளில் சீனக்கோசைப் பார்த்தால் விதை எங்கிருந்து வருகிறது என்று கேட்பேன். வெளிநாடு என்பார்கள். ஒருவேளை எங்கள் கோசின் பேத்தி பேரன்கள் எங்கேயாவது வெயிலில் தலை கட்டிக்கொண்டிருக்கலாம். ஒன்றுகூட முளைக்காமல் போயிருக்கவும் கூடும். அக்கா வெட்டியதால் அது பிழைத்ததா, வெட்டியதால்தான் கெட்டதா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் நான் இரண்டு விதமாகவும் சொல்வேன்.

சார் ஓர் ஆபீசுக்குக் கணக்கு எழுதப் போனார். நிலத்துக்காரர் கத்தரி போட வந்தார். வேண்டுமானால் இருந்துகொள் என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் கிளம்பிய அன்று அக்காவும் மற்றப் பெண்களும் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். வாய்க்கால் தலைப்பு வந்ததும் வரிசை நின்றது. காய்ந்த அந்த அடிக்கட்டையைப் பிடுங்குவதா விடுவதா என்று கேட்க அங்கே சாரும் இல்லை, அதிகாரியும் இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதைச் சுற்றி இரண்டு பக்கமும் கத்தரி நாற்றை வைத்துக்கொண்டே போனாள்.